கையில் படுவது பிடிதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பெரிய மடக்குக்கத்திகளைப் பற்றி வந்த கட்டுரை, அலகின் எஃகைப் பற்றிச் சொன்னதில் குறையில்லை. ஆனால் பிடியை மட்டும் "அலங்காரம், எந்தப் பொருளில் இருந்தாலும் ஒன்றுதான்" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது. பென்சில் சீவும் பேனாக்கத்திக்கு அது பொருந்தலாம். அலகே 9, 10 செ.மீ. இருக்கும் கத்திக்குப் பொருந்தாது. மடக்கினால் கண்ணுக்குத் தெரிவது பிடி மட்டும். விரித்தால் நான்கு விரலும் உள்ளங்கையும் உட்காருவது பிடியில். உறையும் அதுதான், விரித்த அலகு மடங்காமல் நிறுத்தும் பூட்டைத் தாங்கும் சட்டமும் அதுதான். படக்குறிப்பில் ஒரு பெரிய பிழையும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் எடை. பெரிய கத்தியின் பிடியில் இரு பக்கமும் பொருத்தும் பட்டை ஒவ்வொன்றும் 12.5 செ.மீ. நீளம், 2.5 செ.மீ. அகலம், 4 மி.மீ. கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து 25 கன செ.மீ. இந்த அளவு ஈட்டி மரத்தில் சுமார் 21 கிராம், பிசினேற்றிய துணி அடுக்கான மைகார்டாவில் 35, பிசினேற்றிய கண்ணாடி இழை அடுக்கான ஜி10இல் 46, அலுமினியத்தில் 67, டைட்டானியத்தில் 110, பித்தளையில் 210 கிராமுக்கு மேல் வரும். அலகு எஃகு எதுவானாலும் அதன் எடை ஐந்து பத்து கிராமுக்குள்தான் மாறும். ஆக, சட்டைப்பையை இழுப்பதும் இழுக்காததும் பிடியைப் பொறுத்தது. விரித்த கத்தியைச் சுட்டுவிரல்மேல் வைத்துப் பாருங்கள். அலகு சுழலும் அச்சுக்குச் சற்றுப் பின்னால், விரல் பதியும் பள்ளத்தருகே அது சமநிலைக்கு வந்தால் நெடுநேரம் வெட்டினாலும் மணிக்கட்டு நோகாது. கனமான பிடி இந்தப் புள்ளியைப் பின்னுக்கு இழுத்துவிடும். அப்போது அலகின் நுனி எங்கே இருக்கிறது என்பது கைக்குப் பிடிபடாது.

அப்படியானால் கனமான பிடி மோசமா? இல்லை. அமெரிக்காவின் பக் நிறுவனம் செய்யும் 110ஐப் பாருங்கள். 1964இல் வந்த கத்தி; அலகு 9.5 செ.மீ., மொத்த எடை 200 கிராமுக்கு மேல். சட்டமும் இருமுனைப் பூண்களும் பித்தளை, நடுவில் பதித்தது கருங்காலி. அதே நிறுவனம் அதே வடிவில் கண்ணாடி இழை கலந்த நைலான் பிடியோடு ஒரு கத்தி விற்கிறது. எடை ஏறக்குறைய பாதி, வெட்டும் வேலையில் குறைவொன்றும் இல்லை. ஆனாலும் பித்தளைக் கத்திக்கு மவுசு குறையவில்லை. மடக்கும்போது கேட்கும் அந்தக் கனத்த 'டொக்'கும், கையில் எடுத்ததும் உணரும் பாரமும், பித்தளை மங்கி மரம் மின்னத் தொடங்கும் அழகும் நைலானில் கிடைக்காது. இடுப்பு வாரில் உறையோடு தொங்கவிடுகிறவருக்கு 200 கிராம் பாரமே இல்லை; வேட்டி மடிப்பிலோ சட்டைப்பையிலோ வைப்பவருக்கு அது தொல்லை. எங்கே வைத்துக்கொள்ளப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற பிடியைத் தேடுவதே சரி.

பித்தளையும் மரமும் சேரும் இடத்தை நகத்தால் வருடிப் பார்த்து வாங்க வேண்டும். புதிதில் நகம் இடறக் கூடாது. மரம் காயக் காய அகலத்தில் சுருங்கும், பித்தளை சுருங்காது. ஓரிரு வருடத்தில் பூணின் விளிம்பு மெல்லிய மேடாகக் கையில் தட்டுப்படும். இதைத் தவிர்க்கத்தான் ஒரு காலத்தில் சாயமும் பிசினும் ஏற்றி அழுத்திய மெல்லிய பிர்ச் மரத்தாள்களை இந்தக் கத்தியில் பதித்தார்கள். பார்வைக்கு மரம், ஆனால் அசையாது. அந்தப் பலகையைச் செய்த வெர்மான்ட் மாநில ஆலை 2014இல் தீப்பிடித்து அழிந்த பிறகு மறுபடியும் அசல் கருங்காலிக்கு வந்தார்கள்.

வீட்டுக் குத்துவிளக்கைப் போலப் புளி போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. புளியின் அமிலம் மரத்துக்கும் பித்தளைக்கும் இடையிலுள்ள கோட்டில் இறங்கி உள்ளிருக்கும் எஃகு வில்லைத் துருவேற்றும். வெளியே பளபளக்கும், உள்ளே பூட்டு இறுகிவிடும். மரத்தின்மேல் ஒட்டுநாடா ஒட்டி, துணியில் ஒரு சொட்டு உலோக பாலிஷ் தொட்டுப் பித்தளையை மட்டும் துடைத்தால் போதும். தோலுறையிலேயே மாதக்கணக்கில் போட்டுவைத்தால் தோல் பதனிட்ட அமிலமும் ஈரமும் சேர்ந்து பச்சைக் களிம்பு பூக்கும். வீட்டில் இருக்கும்போது உறைக்கு வெளியே வையுங்கள்.

அடுத்தது மரமே சட்டமாக இருக்கும் கத்தி. பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் 1890இல் ஜோசப் ஒபினெல் செய்யத் தொடங்கிய கத்தி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உள்ளே உலோகத் தகடு கிடையாது. பீச் மரத்தைக் கடைந்து, நீளவாக்கில் பள்ளம் அறுத்து, அலகை ஓர் ஆணியில் கோத்து, முனையில் ஒரு வளையம் மாட்டியிருப்பார்கள். 1955இல் சேர்ந்த திருகு வளையம்தான் பூட்டு. 10, 12 எண்ணுள்ளவற்றின் அலகு முறையே 10, 12 செ.மீ. இவ்வளவு பெரிய கத்தி இவ்வளவு லேசாக இருப்பதற்கும் விலை கையைக் கடிக்காததற்கும் காரணம் அந்த வெறும் மரப்பிடிதான். அதன் ஒரே பெரிய தொல்லைக்கும் அதே மரம்தான் காரணம்.

பீச் மரத்தின் ஈரம் ஒரு சதவீதம் கூடினால் அது அகலவாக்கில் சுமார் 0.4 சதவீதம் வரை ஊதும். நீளவாக்கில் அசைவே இராது. குளிர்நாட்டில் 10 சதவீத ஈரத்தில் இருந்த பிடி நம் கடலோரக் காற்றில் 16க்கு வருகிறது என்று கொள்வோம். பள்ளத்தின் சுவர் 7 மி.மீ. கனம் என்றால் ஒரு பக்கத்தில் மட்டும் 0.17 மி.மீ. ஊதுகிறது. அலகுக்கும் சுவருக்கும் விட்ட இடைவெளியே ஏறக்குறைய அவ்வளவுதான். மழைக்காலத்தில் அலகு பிடியைவிட்டு வர மறுப்பது இதனால்தான். பிடியின் முனையை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி அலகைத் துள்ளவைக்கும் பழக்கம் பிரான்ஸிலேயே உண்டு. 'சவோய்க்காரன் தட்டு' என்பார்கள். தட்டி எடுப்பது அப்போதைக்கு உதவும். நிரந்தரமாகச் சரிசெய்ய இப்படிச் செய்யலாம்.

அலகை விரித்து, வளையத்தைச் சர்க்ளிப் பிளையரால் கழற்றி, நிழலில் நான்கைந்து நாள் உலர விடுங்கள். அரிசி டப்பாவில் புதைத்தாலும் சரி. வெயிலில் மட்டும் வைக்காதீர்கள். ஒரு பக்கம் வேகமாய்க் காய்ந்து ஆணியை ஒட்டி விரிசல் விடும். காய்ந்ததும் ஆளிவிதை எண்ணெயைப் பள்ளத்திலும் ஆணியைச் சுற்றியும் தடவி, 20 நிமிடம் ஊறவிட்டு, மிச்சத்தை ஒட்டத் துடைத்துவிடுங்கள். மறுநாள் இன்னொரு முறை, அடுத்த நாள் இன்னொரு முறை. கடையில் 'பாய்ல்டு லின்ஸீட்' என்று கேட்டால் சீக்கிரம் உலரும் வகை கிடைக்கும். தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ உதவாது. அவை மரத்துக்குள் இறுகுவதில்லை. பிசுபிசுத்து, தூசியைச் சேர்த்து, நாளடைவில் நாற்றமெடுக்கும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. அது தானாகச் சூடேறித் தீப்பற்றும். விரித்துக் காயவைத்தோ தண்ணீரில் முக்கியோதான் எறிய வேண்டும்.

எண்ணெய்க்குப் பிறகும் இறுகினால் மட்டும் உப்புத்தாள். 220 எண் தாளை எஃகு அடிக்கோலில் ஒரு சுற்றுச் சுற்றி, பள்ளத்தின் சுவரில் அலகு உரசிக் கறுத்த இடத்தை மட்டும் நான்கைந்து இழுப்பு. முழுப் பள்ளத்தையும் தேய்ப்பவர்கள் கோடையில் வருந்துவார்கள். மரம் சுருங்கியதும் அலகு பக்கவாட்டில் ஆடும், அந்த ஆட்டத்தைத் திருப்பி எடுக்க வழியில்லை.

ஈட்டியும் தேக்கும் பீச் மரத்தைப் போல அசைவதில்லை, ஏறக்குறைய பாதிதான். அதனால்தான் உள்தகடு வைத்த கத்திகளில் பட்டை மாற்ற நினைப்பவர்கள் ஈட்டியை நாடுகிறார்கள். அதன் சிக்கல் வேறு: மரத்திலேயே எண்ணெய் இருக்கிறது. எபாக்சி பசை பூசுவதற்குச் சற்று முன்பு அசிட்டோன் நனைத்த துணியால் துணியில் நிறம் ஏறாத வரை துடைக்க வேண்டும். துடைத்துவிட்டு நாளைக்கு ஒட்டலாம் என்று விட்டால் எண்ணெய் மறுபடி மேலே கசிந்துவிடும். 3 மி.மீ. பித்தளை ஆணிக்கு 3.1 மி.மீ. துளை. பட்டறை கிளாம்பை முழுபலத்தில் இறுக்கினால் பசை எல்லாம் பிதுங்கி வெளியேறி உலர்ந்த இணைப்பாகிவிடும். ஓரத்தில் மெல்லிய கோடாகப் பசை தெரியும் அளவு போதும். 24 மணி நேரம் தொடக்கூடாது. ஆணித்தலையைச் சிறு சுத்தியால் சுற்றிச் சுற்றிப் பல லேசான தட்டாக விரிக்க வேண்டும். நடுவில் ஓங்கி ஓர் அடி அடித்தால் பட்டை பிளக்கும். எருமைக்கொம்பு நிச்சயமாகப் பிளக்கும்.

எருமைக்கொம்பைப் பற்றி இரண்டு வார்த்தை. நம் உத்தரப் பிரதேசத்து சம்பல் நகரம் கொம்பு, எலும்பு வேலைக்குப் பெயர்போனது. கொம்பு நகத்தைப் போன்ற பொருள்தான். கைச்சூட்டுக்குச் சீக்கிரம் ஈடுகொடுக்கும், மெருகேற்றினால் மின்னும். தண்ணீரில் ஊறினால் அடுக்கடுக்காய்ப் பிரியும். மாதக்கணக்கில் பெட்டிக்குள் பூட்டினால் கம்பளியை அரிக்கும் அதே பூச்சிகள் இதையும் அரிக்கும். பளபளப்பான கொம்புப் பிடி மீன் சுத்தம் செய்கிறவர் கையில் வழுக்கும். அங்கே மைகார்டாதான் அரசன்: ஈரம் பட்டால் துணியிழை சற்றே சொரசொரப்பாகிக் கையைப் பற்றும். ஜி10 அதைவிட வலுவானது, ஆனால் பிடியின் பிடிமானம் அதில் வெட்டிய வரிகளில்தான் இருக்கிறது. வரி ஆழமாக இருந்தால் கை வழுக்காது, பையின் துணி கிழியும். வீட்டில் ஜி10ஐ அறுக்கவோ தேய்க்கவோ நேர்ந்தால் தண்ணீர் விட்டுக்கொண்டே, முகமூடியோடு செய்யுங்கள். அதன் தூசு பொடித்த கண்ணாடி.

டைட்டானியம் பிடிக்கு விலை ஏன் இவ்வளவு என்று கட்டுரையாளர் வியந்திருந்தார். அலுமினியம் வெப்பத்தை வேகமாய்க் கடத்தும். ஊட்டிக் குளிரில் கையைச் சில்லிட வைக்கும், வண்டிப் பெட்டியில் கிடந்தால் சுடும். டைட்டானியக் கலவை அதைவிட இருபது மடங்குக்கும் மேல் மெதுவாகக் கடத்துவதால் கைக்கு இதமாக இருக்கும். மேலும் அதன் ஒரு பக்கத்தையே வெட்டி வளைத்துப் பூட்டாக்க முடியும். தனிப் பூட்டுத்தகடு வேண்டாம். குறை என்னவென்றால் எஃகு அலகோடு உரசும்போது ஒட்டிக்கொள்ளும் குணம். பூட்டைத் தள்ளி மடக்கும்போது 'சிக்கி' விடுபட்டால் இதுதான் காரணம். நல்ல கத்திகளில் அந்த முனையில் சிறு எஃகுத் துண்டு பதித்திருப்பார்கள். வாங்கும்போது அதைத் தேடுங்கள்.

கடைசியாகப் படக்குறிப்பு. "அசல் மான்கொம்புப் பிடி, இந்தியாவிலேயே தருவிக்கலாம்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன் நகரக் கத்திக்காரர்கள் ஒரு காலத்தில் நம் நாட்டு மிளாக் கொம்பைத்தான் விரும்பி வாங்கினார்கள். அதில் பஞ்சுபோன்ற நடுச்சோறு குறைவு, திண்மை அதிகம். 1998இல் இந்தியா அதன் ஏற்றுமதியைத் தடை செய்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டில் உதிர்ந்து கிடந்த கொம்பானாலும் எடுத்து விற்பது குற்றம். உங்கள் குறிப்பை நம்பி யாராவது தேடிப் போனால் வழக்கில் மாட்டுவார்.

படத்தில் இருப்பது மான்கொம்பும் அல்ல. கொம்பின் மேடுபள்ளம் இயற்கையாய் ஏறுக்குமாறாக இருக்கும். மெருகிட்ட ஓரத்தில் பஞ்சுபோன்ற நடுப்பகுதி எட்டிப்பார்க்கும். படத்துக் கத்தியில் குழிகள் எல்லாம் ஒரே நீளம், ஒரே சாய்வு, இரு பக்கமும் ஒரே அணிவகுப்பு. பூணை ஒட்டிய ஓரத்தில் ஊசிமுனை அளவில் கரும்புள்ளிகள் தெரிகின்றன. அவை எலும்பின் இரத்தநாளத் துவாரங்கள். சாயம் அவற்றில்தான் முதலில் ஏறும். அது மாட்டுக் கால் எலும்பை வெட்டுச்சக்கரத்தில் செதுக்கிப் பழுப்புச் சாயம் ஏற்றிய பிடி. தரமான வேலைதான். "சாயமேற்றிய எலும்புப் பிடி" என்று அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள்.

இங்ஙனம்,
வாசகர், கோயம்புத்தூர்