ராங்கிங் பட்டியலோடு வருகிறவருக்கு என்ன பதில் சொல்வது? மதுரை ஷெட்டுக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை, திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் கார் ஷெட் வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கும், டி போர்டு வண்டி விட்டுப் பிழைக்கும் டிராவல்ஸ் முதலாளிகளுக்கும் வணக்கம்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கணக்கு எழுதுகிறவன் நான். உங்களில் பாதிப் பேருக்கு என் குரல் தெரியும். பாக்கி கேட்டுப் போன் பண்ணுவது நான்தான். இது பாக்கி விஷயம் இல்லை, பயப்படாமல் படிக்கலாம்.

இப்போதெல்லாம் கார் வாங்கப் போகிறவர் உங்கள் ஷெட்டுக்கு வந்து செல்போனை நீட்டுகிறார். நம்பகமான கார் கம்பெனிகள் என்று ஒரு பட்டியல். "அண்ணே, இந்தக் கம்பெனி மூணாவது, அது எட்டாவது. அப்ப மூணாவதையே வாங்கிரலாமா?" நீங்கள் வண்டிக்கு அடியில் இருந்தபடியே, "அதெல்லாம் காசு வாங்கிட்டுப் போடுறது தம்பி" என்கிறீர்கள். அவர் குழம்பிப் போய், கடைசியில் மச்சான் என்ன வண்டி வைத்திருக்கிறாரோ அதையே வாங்குகிறார்.

அந்தக் காசு விஷயம் அரை உண்மைதான். அமெரிக்காவில் இப்படிப் பட்டியல் போடுவதில் ரெண்டு பெரிய ஆட்கள். ஒன்று ஜே.டி. பவர். அதில் ஜெயித்த கம்பெனி அந்தப் பரிசை விளம்பரத்தில் போட்டுக்கொள்ளக் கட்டணம் கட்டுகிறது. ஆனால் அது ஜெயித்த பிறகு கட்டுவது. இன்னொன்று கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், 1936ல் தொடங்கிய லாப நோக்கமில்லாத அமைப்பு. விளம்பரமே வாங்காது, சோதிக்கிற காரைக்கூடக் காசு கொடுத்துத்தான் வாங்கும், உறுப்பினர்களிடம் கேட்டு எந்தக் கார் எவ்வளவு மக்கர் பண்ணியது என்று கணக்கெடுக்கும். திருட்டுக் கணக்கு என்று ஒதுக்க முடியாது.

நாம் பார்க்க வேண்டியது அவர்கள் யாரிடம், என்ன கேட்கிறார்கள் என்பதை. ஜே.டி. பவரின் நீடித்த உழைப்புக்கான சர்வே, மூன்று வயதான காரின் முதல் உரிமையாளரிடம் கேட்பது. நூறு வண்டிக்கு எத்தனை குறை என்று எண்ணுவார்கள். புளூடூத்தில் போன் சேரவில்லை என்றாலும் ஒரு குறை, கியர்பாக்ஸ் போனாலும் ஒரு குறை. 2011ல் ஃபோர்டு இப்படித்தான் அடி வாங்கியது. வாங்கிய முதல் மூன்று மாதத்துக்கான அவர்களுடைய இன்னொரு சர்வேயில் 5ஆம் இடத்திலிருந்து 23ஆம் இடத்துக்கு இறங்கியது. முக்கியக் காரணம் டேஷ்போர்டில் இருந்த தொடுதிரை. வண்டி நடுரோட்டில் நிற்கவில்லை, பாட்டு மாற்றுவதற்குள் ஜனங்களுக்குக் கோபம் வந்துவிட்டது, அவ்வளவுதான். எட்டு வருஷ வண்டியை செகண்ட் ஹேண்டில் பார்க்கிற நம்ம ஊர்க்காரருக்கு இந்தப் பட்டியலில் என்ன இருக்கிறது?

அடுத்தது கம்பெனிப் பேர். எங்கள் கடையில் கிளான்சாவுக்கு ஏர் ஃபில்டர் கேட்டு ஆள் வந்தால், பையன் நேராக பலேனோ ரேக்கில்தான் கை விடுகிறான். "டொயோட்டா வண்டிக்கு எதுக்குப்பா மாருதி ஃபில்டர்?" என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. பேட்ஜ்தான் வேறு, வண்டி ஒன்று என்று உங்களுக்குத் தெரியும். மாருதியின் எர்டிகாவே டொயோட்டாவின் ரூமியான், டொயோட்டாவின் ஹைகிராஸே மாருதியின் இன்விக்டோ. பழைய ஆட்களுக்கு இன்னும் நல்ல உதாரணம் ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் டீசல். மாருதி ஸ்விஃப்ட்டில் அதுதான், டாடா இண்டிகா விஸ்டாவில் அதுதான், ஃபியட்டின் புன்டோவிலும் அதுதான். ஸ்விஃப்ட்டில் இருந்தபோது தங்கமான எஞ்சின் என்றோம். விஸ்டாவில் இருந்தபோது பாதி விலைக்குத் தள்ளிவிட்டோம். கம்பெனிக்கு ஒரு மார்க் போட்டால் அந்த எஞ்சினின் மார்க்கை யார் கணக்கில் எழுதுவது? அமெரிக்கப் பட்டியல்களில் உச்சிப் பக்கம் நிற்கும் டொயோட்டா அங்கே விற்கும் கேம்ரியையும் கொரோலாவையும் வைத்து வாங்கிய பேர். அந்த மார்க்கைத் தூக்கி வந்து இங்கே கிளான்சா மேல் ஒட்ட முடியாது.

ஜெர்மனியில் வேறு மாதிரி. மூன்று வயதில் முதல் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானதா என்ற சோதனை), அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, சொந்தக் காருக்கும் கட்டாயம். டியூவி என்ற சோதனை அமைப்பு அதில் கண்ட குறைகளை மாடல் வாரியாக, வயது வாரியாக வெளியிடுகிறது. யாருடைய அபிப்பிராயமும் இல்லை, பார்த்து எழுதியது. அதிகம் ஓடிய வண்டி அதிகம் மாட்டும் என்ற கோணல் அதிலும் இருக்கிறது. ஆனாலும் எனக்குப் பிடித்த முறை அதுதான். நம்மிடம் அதற்கு வழியில்லை. ஓன் போர்டு வண்டி 15 வருஷத்துக்கு ஆர்.டி.ஓ. சோதனைப் பக்கமே போவதில்லை.

அப்புறம் ஓடுகிற ஓட்டம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு, பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டிகளில் புகையை வடிகட்ட டிபிஎஃப் என்ற ஃபில்டர் இருக்கிறது. அதில் சேரும் கரி எரிய வேண்டுமானால் சைலன்சர் நன்றாகச் சூடாக வேண்டும். காளவாசலில் இருந்து சிம்மக்கல்லுக்குப் பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்புகிற வண்டி அந்தச் சூட்டை எங்கே பார்க்கும்? டேஷ்போர்டில் எச்சரிக்கை லைட் எரிந்து உங்களிடம் வருகிறது, "இந்தக் கம்பெனி டீசலே சரியில்ல" என்கிறார் ஓனர். அதே மாடல் நாலுவழிச் சாலையில் தினம் திருச்சி போய் வந்தால் ஒரு தொந்தரவும் இருக்காது. (பாரத் என்கேப் நட்சத்திரத்தைக் காட்டி "அஞ்சு ஸ்டார், ரிப்பேரே வராது" என்கிறவர்களும் இருக்கிறார்கள். அது மோதினால் உள்ளே இருப்பவர் பிழைப்பாரா என்பதற்கான மார்க். கிளட்ச் பிளேட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

இவ்வளவுக்கும் தலையாட்டியிருப்பீர்கள். இனி உங்கள் பக்கம் வருகிறேன்.

"பட்டியல் வேண்டாம், நான் சொல்றேன்" என்று நீங்கள் சொல்லும் கணக்கும் கோணல்தான் அண்ணே. வருஷக் கடைசியில் சரக்குக் கணக்குப் பார்க்கும்போது கிளட்ச் செட், லோயர் ஆர்ம், லிங்க் ராட் எல்லாம் மாருதிக்கும் ஹூண்டாய்க்கும்தான் அதிகம் போயிருக்கும். அதை வைத்துப் பட்டியல் போட்டால் ஊரிலேயே மோசமான கம்பெனிகள் அந்த ரெண்டும்தான். ரோட்டில் எங்கே திரும்பினாலும் அந்த ரெண்டும்தானே நிற்கின்றன, பார்ட்ஸும் அவற்றுக்குத்தானே போகும்? எத்தனை கெட்டது என்று மட்டும் எண்ணி, எத்தனையில் கெட்டது என்று எண்ணாவிட்டால் கணக்கே இல்லை. உங்கள் ஷெட்டும் அப்படித்தான். வாரண்டி இருக்கும்வரை வண்டி கம்பெனி சர்வீசுக்குப் போகிறது. அதன் முதல் மூன்று வருஷக் கோளாறை நீங்கள் பார்த்ததே இல்லை. அதோடு, கை பழகிய வண்டி நல்ல வண்டி, ஸ்கேனர் போட்டால்தான் பேசும் வண்டி கெட்ட வண்டி என்று ஒரு பழக்கம் உங்களுக்கு உண்டு. வாங்குகிறவருக்கு அது புரியாது, உங்கள் வாக்கை அப்படியே எடுத்துக்கொள்வார்.

வெளிநாட்டுப் பட்டியலை எவ்வளவு நம்பலாம் என்றால், ஒரு மாடல் பல வருஷமாக, வேறு வேறு சர்வேயில், தொடர்ந்து அடியில் கிடந்தால் காது கொடுத்துக் கேளுங்கள். மூணாவதுக்கும் எட்டாவதுக்கும் உள்ள வித்தியாசத்துக்காக யாரும் ஒரு லட்சம் கூடக் கொடுக்க வேண்டாம்.

நான் கேட்பது ஒரு நோட்டு. 1911ல் டி.வி.எஸ். தொடங்கிய ஊரில் வண்டிக்குக் கணக்கு எழுத நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மாடல், வருஷம், எஞ்சின், கியர் மேனுவலா ஆட்டோமேட்டிக்கா, கிலோமீட்டர், டி போர்டா ஓன் போர்டா, என்ன மாற்றினீர்கள், எவ்வளவு ஆச்சு. ஓனர் பேரும் வண்டி நம்பரும் வேண்டாம். வெறும் ஆயில் மாற்றிப் போன வண்டியையும் கட்டாயம் எழுதுங்கள். கெடாத வண்டியும் நோட்டில் இருந்தால்தான் நான் சொன்ன 'எத்தனையில்' கிடைக்கும். டிராவல்ஸ்காரர்களிடம் இதில் முக்கால்வாசி ஏற்கெனவே டீசல் கணக்கோடு இருக்கிறது. கொடைக்கானல் மலையேறிய வண்டிக்குத் தனியாக ஒரு குறி போட்டால் போதும்.

இன்னொன்றும் செய்யலாம். வண்டி வந்ததும் சேசிஸ் நம்பரைக் கம்பெனி இணையதளத்தில் போட்டு ரீகால் இருக்கிறதா பார்த்துச் சொல்லுங்கள். 2021 செப்டம்பரில் மாருதி 1,81,754 பெட்ரோல் வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டது. சியாஸ், எர்டிகா, பிரெஸ்ஸா எல்லாம் அதில் உண்டு. ரீகால் வந்த வண்டி என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம், கம்பெனி இலவசமாக மாற்றித் தரும் வேலை அது. அதே ஆண்டு ஏப்ரலில் இருந்து, பாதுகாப்புக் கோளாறு என்றால் ஏழு வயதுக்குட்பட்ட வண்டியின் ஓனர் அரசின் 'வாகன்' இணையதளத்தில் நேரடியாகப் புகார் போடலாம். புகார் சேர்ந்தால் திரும்பக் கூப்பிடச் சொல்லி அரசே உத்தரவிடலாம்.

கோடு போட்ட நோட்டு என் செலவில் அடித்துத் தருகிறேன். பார்ட்ஸ் எடுக்க வரும் பையனிடம் கொடுத்துவிடுகிறேன், மாசக் கடைசியில் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினால் கூட்டிக் கழிக்கிற வேலை என்னுடையது. பட்டியலோடு அடுத்து வருகிறவரிடம் இப்போதைக்கு மூன்று கேள்வி மட்டும் கேட்டு வையுங்கள்: எந்த வருஷ மாடல், எந்த எஞ்சின், மாசம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீங்க?

இப்படிக்கு,
உங்கள் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கணக்குப்பிள்ளை,
மதுரை