ஆடிக்காற்றும் அம்மாவின் பேரேடும்

கோயம்புத்தூர்
ஆவணி 5

அன்புள்ள கண்ணுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதைப் பற்றித்தான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். "ஏப்ரலில் இருந்து உங்க வேகம் இறங்கிட்டே வருதும்மா. உடம்பு ஒத்துழைக்கலைன்னா மாரத்தான் எல்லாம் வேண்டாம், விட்டுடுங்க" என்றாய். கனடாவில் மிசிசாகாவில் உட்கார்ந்து என் ஓட்டத்தை ஆப்பில் பார்த்துக் கவலைப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும். போனில் பதில் சொன்னால் பாதியிலேயே இருவருக்கும் கோபம் வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ பார்த்த கோடு பொய் இல்லை. ஆனால் அது வேகத்தை மட்டும் காட்டுகிற கோடு. முப்பத்து மூன்று வருஷம் பாங்கில் இருந்தவள் நான். பற்றுப் பக்கத்தை மட்டும் பார்த்து யாருடைய கணக்கையும் முடிவு செய்ததில்லை.

ஏப்ரல், மே மாதங்களில் விடிகாலை ஐந்து மணிக்கே புழுங்குகிறது. வெயில் காலத்தில் உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது. அதே வேகத்தில் ஓட இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. நான் நாடித்துடிப்பு ஒரு அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு ஓடுகிறேன், அதனால் வேகம் குறைகிறது. அப்புறம் ஆனியும் ஆடியும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உனக்கு மறந்திருக்காதே, பள்ளிக்கூடம் போகும்போது சைக்கிளை மிதிக்க முடியாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போவாய். ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் மேற்கு பார்த்து ஓடும் பக்கமெல்லாம் இந்த வருஷமும் அதே காற்றுதான். ஆகஸ்டை மே மாதத்தோடு ஒப்பிட்டால் என்ன தெரியும்? போன ஆகஸ்டோடு ஒப்பிட வேண்டும்.

அதற்குத்தான் பேரேடு வைத்திருக்கிறேன். பழைய நீள நோட்டு, நீ ஊருக்கு வந்தபோது பார்த்திருப்பாய். தேதி, தூரம், நேரம், படுக்கையிலிருந்து எழும் முன் எண்ணிய நாடி, எத்தனை மணி நேரம் தூங்கினேன், எங்கே வலி. வலி மட்டும் சிவப்பு மையில். மாதம் ஒருமுறை ரேஸ்கோர்ஸை இரண்டு சுற்று, ஐந்து கிலோமீட்டர், நாடி 135ஐத் தாண்டாமல் ஓடிப் பார்ப்பேன். போன ஆகஸ்டில் 46 நிமிஷம் ஆனது. ஜனவரியில் 43. மே மாதம் மறுபடி 45. இந்த மாதம், காற்று இன்னும் முழுதாக ஓயாதபோதே, 42. அதே இதயம், அதே சுற்று, நான்கு நிமிஷம் மிச்சம். நான் முன்னேறியிருக்கிறேன் கண்ணு. எனக்கு அன்று அழுகையே வந்துவிட்டது.

நீ வாங்கித் தந்த வாட்சை நான் குறை சொல்லவில்லை, தினமும் கட்டிக்கொண்டுதான் ஓடுகிறேன். ஆனால் ஒன்று தெரிந்துகொள். மணிக்கட்டில் வெளிச்சம் அடித்து ரத்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் அது துடிப்பை எண்ணுகிறது. வார் தளர்ந்திருந்தால் துடிப்புக்குப் பதிலாகக் கால் தரையில் விழும் தாளத்தை எண்ணிவிடும். ஜூனில் ஒருநாள் 168 என்று காட்டியது. நின்று கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணினேன், 34. அதாவது 136. கேஷ் டாலி ஆகாத நாளில் வருமே ஒரு சந்தேகம், அது வந்ததால்தான் எண்ணத் தோன்றியது. நீ பயந்துபோய் இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டது அந்த ஓட்டத்துக்குத்தான்.

வாட்ச் என் உச்சத் துடிப்பு 159 என்று வைத்திருந்தது. 220இல் வயதைக் கழிக்கும் பழைய கணக்கு. 2001இல் வந்த இன்னொரு கணக்கு 208இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழிக்கச் சொல்கிறது. அதன்படி எனக்கு 165. இரண்டும் பலரின் சராசரிதான், ஒருவருக்கு அதைவிடப் பத்துத் துடிப்பு கூடவோ குறையவோ இருக்கலாம். அதனால் டாக்டரிடம் டிரெட்மில் டெஸ்ட் எடுத்துக்கொண்டேன். இதயம் நன்றாக இருக்கிறது என்றார். ரிப்போர்ட்டை அப்பா உனக்கு அனுப்பியிருப்பார்.

போன வருஷம் நான் செய்த தப்பு வேறு. இணையத்தில் கிடைத்த பயிற்சி அட்டவணையை அப்படியே பின்பற்றினேன், வாரம் ஐந்து நாள் ஓட்டம். ஏழாவது வாரம் பின்னாலிருந்து யாரோ கெண்டைக்காலில் கல்லால் அடித்த மாதிரி இருந்தது. ஆறு வாரம் ஓடவில்லை. அறுபதைத் தாண்டிய சதை ஓட்டத்துக்கு ஈடு கொடுக்காமல் இல்லை, திரும்பத் தேறுவதற்குத்தான் அதற்கு நாள் அதிகம் பிடிக்கிறது. இப்போது எனக்கு வாரம் என்பது பத்து நாள். அதில் ஒரு நீண்ட ஓட்டம், ஒரு வேகமான ஓட்டம், மூன்று நிதானமான ஓட்டம். இரண்டு நாள் மாடிப்படியில் குதிகால் தூக்குவதும் எடை தூக்கி உட்கார்ந்து எழுவதும். மீதி மூன்று நாள் ஓய்வு. காலை நாடி வழக்கமாக 58, 60. அது 66ஐத் தாண்டினால் அன்றும் ஓய்வு. ஜூலையில் 68 இருந்தது, இரண்டு நாளில் காய்ச்சல் வந்தது.

ஏன் இந்த வயதில் என்று கேட்டாயே. உன் அம்மிச்சி, என் அம்மா, பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது அவர்களுக்கு 67. அப்புறம் நடக்கவே இல்லை, உனக்கும் நினைவிருக்கும். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு வேகமாகக் கரைகிறது. பாரம் தாங்கும் வேலை கொடுத்தால்தான் எலும்பு நிற்கும். அவர்களைப் படுக்கையில் திருப்பிப் போட்ட கைகள் இவை. உன்னையோ உன் மனைவியையோ அந்த வேலைக்கு விட எனக்கு மனசில்லை.

ஆனால் அது மட்டும் காரணம் என்று சொன்னால் பொய். 1984 ஒலிம்பிக்கில் ஓட்டக்காரி பி.டி. உஷா நூறில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலத்தைத் தவறவிட்டபோது எனக்கு இருபது வயது, ஊரே அதைத்தான் பேசியது. பெண்களுக்கு முதன்முதலாக மாரத்தான் வைத்ததும் அதே ஒலிம்பிக்கில்தான் என்று போன வருஷம்தான் தெரிந்துகொண்டேன். அதுவரை பெண்களால் அவ்வளவு தூரம் தாங்க முடியாது என்று நினைத்திருக்கிறார்கள். ஓட எனக்குப் பிடித்திருக்கிறது. அதை இருபதில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

உனக்குப் பக்கத்து ஊர்தானே மில்டன். அங்கே எட் விட்லாக் என்று ஒருவர் இருந்தார், ஓய்வு பெற்ற பொறியாளர். 2004இல் டொராண்டோவில் தன் 73ஆவது வயதில் முழு மாரத்தானை 2 மணி 54 நிமிஷம் 48 விநாடியில் ஓடினார். 85இல் நான்கு மணி நேரத்துக்குள் முடித்தார். வீட்டருகே இருந்த கல்லறைத் தோட்டத்தைத்தான் மணிக்கணக்கில் சுற்றிச் சுற்றி ஓடினாராம். தூரத்தையோ சுற்றையோ எண்ணாமல், மெதுவாக, நேரத்தை மட்டும் பார்த்து. ரேஸ்கோர்ஸில் ஆறாவது சுற்றில் எனக்கு அவர் நினைவு வரும். எவர்கிரீன் என்று அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் பெயர். முடிந்தால் ஒருநாள் போய் அந்தப் பாதையைப் போட்டோ எடுத்து அனுப்பு.

ஜனவரியில் சென்னையில் மாரத்தான். கடல் காற்றில் ஈரம் அதிகம், இங்கே போல இருக்காது. அதனால் டிசம்பரில் உன் சித்தி வீட்டில் ஒரு வாரம் தங்கி மெரினாவில் ஓடிப் பழகப் போகிறேன். ஒன்பது நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை என்று போனால் கிலோமீட்டருக்கு எட்டரை நிமிஷம் வரும், ஆறு மணி நேரத்துக்குள் முடியும். நெஞ்சில் ஏதாவது அழுத்தம், தலைசுற்றல் என்றால் அந்த இடத்திலேயே நிற்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

பேரேட்டில் போன ஆகஸ்டு பக்கத்தையும் இந்த ஆகஸ்டு பக்கத்தையும் படம் எடுத்து அப்பா வாட்ஸ்அப்பில் அனுப்புவார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார். நாளையும் நாளை மறுநாளும் எனக்கு ஓய்வு, ஆப்பில் ஒன்றும் வராது. பயப்படாதே.

அன்புடன்,
அம்மா