ஆண்டறிக்கை: கணிப்பொறியில் வடிவமைத்த புரதமும் பாம்பு நஞ்சும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, மன்றத்து அன்பர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழு எடுத்த முடிவின்படி, இவ்வாண்டு மாதக் கூட்டங்களில் பல பொருள்களைத் தொட்டுச் செல்லாமல் ஒரே ஆய்வை எடுத்துப் படித்தோம். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பேக்கர் குழுவைச் சேர்ந்த சூசனா வாஸ்கெஸ் டோரெஸ், டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் திமொதி ஜென்கின்ஸ் முதலானோர் கணிப்பொறியின் துணையால் நஞ்சுமுறிப் புரதங்களை உருவாக்கியது பற்றி, 2025 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு அது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருப்பர் என்பது 2020இல் வெளியான மதிப்பீடு. வயலும் வரப்புமாக வாழும் நமக்கு இதைவிட நெருக்கமான ஆய்வு எனக்குத் தோன்றவில்லை.

முதல் சில கூட்டங்கள் அடிப்படைக்கே சென்றன. 20 வகை அமினோ அமிலங்கள் மணிமாலைபோல் கோக்கப்பட்டு, மடிந்து ஓர் உருவம் பெறுவதே புரதம். அந்த உருவமே அதன் வேலையைத் தீர்மானிக்கிறது. வேண்டிய உருவத்தை முதலில் வரைந்து, அதற்கேற்ற மாலையைப் பின்னர் கணிப்பொறியால் தேடிய பேக்கர் குழு, இயற்கையில் காணப்படாத மடிப்புடைய, 93 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதத்தை 2003இல் செய்து காட்டியது. 2024ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் பாதி பேக்கருக்குக் கிடைத்தது. புரதத்தை மடித்துப் பார்க்கும் ‘ஃபோல்டிட்’ என்ற கணிப்பொறி விளையாட்டை நம் மாணவ உறுப்பினர்கள் ஆடிப் பார்த்தனர். குரங்கு வைரஸ் ஒன்றின் நொதிக்கு ஆய்வாளர்கள் நெடுங்காலம் தேடிய உருவத்தை 2011இல் இவ்விளையாட்டை ஆடிய பொதுமக்கள் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள் என்றறிந்தபோது அவர்கள் முகத்தில் கண்ட மலர்ச்சியை இங்கே பதிவு செய்யாமல் இருக்க முடியவில்லை.

நாகம், கட்டுவிரியன் முதலியவற்றின் நஞ்சில் மூன்று விரல்கள் நீட்டியது போன்ற உருவத்தால் ‘மூவிரல் நச்சு’ எனப்படும் சிறு புரதங்கள் உள்ளன. இவற்றுள் நரம்பு நச்சாக வேலை செய்பவை, நரம்பின் கட்டளையைத் தசை வாங்கிக்கொள்ளும் ஏற்பியில் போய் அடைத்துக்கொள்வதால், கண்ணிமை சரிந்து, இறுதியில் மூச்சு நிற்கிறது. குதிரையின் உடலில் நஞ்சைச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அதன் குருதியிலிருந்து மருந்தெடுக்கும் நூறாண்டு கடந்த முறையில், உருவில் மிகச் சிறிய இந்நச்சுகளுக்கு எதிராகக் குதிரையின் உடல் போதிய எதிர்ப்பொருளைச் சுரப்பதில்லை. புதிய புரதமோ, ஏற்பியைப் பற்றும் விரல்களின்மேலேயே உறைபோல் பொருந்தும்படி வரையப்பட்டது. உயிர்கொல்லும் அளவு நரம்பு நச்சு செலுத்தப்பட்ட எலிகளில், நச்சுக்கும் மருந்தின் அளவுக்கும் ஏற்ப, 80 முதல் 100 விழுக்காடு வரை பிழைத்தன. விலங்குகளின் குருதியை நாடாமல் நுண்ணுயிரிகளைக் கொண்டே இப்புரதத்தைச் செய்யலாம் என்பது விலையைக் குறைக்கும் வழி என்பதால், எனக்கு இதுவே ஆய்வின் பெரும்பேறாகப் படுகிறது.

ஆயினும் இது எலிகளோடு நிற்கும் ஆய்வு. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சு வேறு வகைப் புரதங்களால் குருதியைத் தாக்குவதால் அவற்றுக்கு இது மருந்தாகாது. இன்று நம்மைக் காப்பது குதிரைக் குருதியிலிருந்து எடுக்கும் ஊசிதான்; அதற்கு வேண்டிய நஞ்சை, 1978இல் தொடங்கி வடநெம்மேலியில் இயங்கிவரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் உயிரைப் பணயம் வைத்து எடுத்துத் தருகிறார்கள். அவர்களுக்கு நன்றி கூறும் தீர்மானம் மார்ச் கூட்டத்தில் நிறைவேறியது.

கட்டுவிரியன் தரையில் உறங்குவோரை இரவில் கடிப்பதையும், கடிவாயில் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாமல் போகலாம் என்பதையும், கீறுவதும் இறுகக் கட்டுவதும் கூடாது, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதையும் எழுதி, நூலகச் சுவரிலும் பால் கூட்டுறவு நிலையத்திலும் ஒட்டினோம். அச்சுச் செலவு உட்பட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

வரும் ஆண்டில் விரியன்களின் நஞ்சு பற்றிய ஆய்வுகளைப் படிக்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. அப்பரிந்துரையுடன் இவ்வறிக்கையை ஏற்றருளுமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

செயலாளர்