மரையோட ஒரு இழுபறி

அன்பு மச்சான்,

மொதல்ல திட்டி முடிச்சிரு, பெறகு வாசி. நவம்பர்ல நீ சுகம் கேட்டு எழுதினதுக்கு பெப்ரவரியில பதில் எழுதுறவன என்ன சொல்லித் திட்டினாலும் தகும். வீட்ல எல்லாரும் சுகம். அம்மாவுக்கு கண் ஆபரேஷன் முடிஞ்சுது, ஆனாலும் டீவிக்குள்ள தலைய விட்டுத்தான் சீரியல் பாக்குது. ஒன் மூட்டு எப்பிடி?

போன ஞாயித்துக்கெழம ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனேன்டா. ஏஎல் படிக்கிறப்ப டூர் போய், உலக முடிவுங்குற மலை விளிம்பப் பாக்காம மேகம் மூடின வெள்ளச் சுவத்தப் பாத்துட்டு வந்தோமே, மெத்ஸ் சேர் கூட அதுக்கு முன்னால நின்னு போட்டோ எடுத்தாரே, அங்கதான். இந்தத் தடவ ஏமாறல. விடிய நாலரைக்கு நுவரெலியாவுல வேன் எடுத்து, பட்டிப்பொல தாண்டி ஆறு மணிக்கெல்லாம் டிக்கட் எடுத்தாச்சு. புல்லு நுனியெல்லாம் பனி உறஞ்சு கெடந்துச்சு, என் சின்ன மகள் ஒன்ன உடச்சு நக்கிப் பாத்தா.

நடபாதை தொடங்குற எடத்துல பொலித்தீன் உள்ள போகக்கூடாதுன்னு பையக் கொட்டிப் பாத்து, தண்ணி போத்தல்ல இருந்த லேபலக்கூட உரிச்சுட்டுதான் விட்டாங்க. ஒரு சுத்து ஒம்பது கிலோமீட்டர் சொச்சம். ஒம்பது பத்து மணிக்குப் பெறகு மேகம் ஏறி மூடிரும், நாம அன்னிக்கு ரெண்டு தடவ டீ குடிச்சுட்டு பத்தரைக்குப் போய் நின்னோம், எங்க தெரியும்? இப்ப எட்டு மணிக்கே உலக முடிவுல நின்னேன் மச்சான். 870 மீட்டர் கிட்ட நேரா கீழ. காலு கூசிப் போய் புல்லுல உக்காந்துட்டேன், மகள் சிரிக்கிறா.

பெறகு பேக்கர்ஸ் அருவி. எறங்குற படி முழுக்க ஈரம், வேரப் பிடிச்சுப் பிடிச்சுத்தான் எறங்கணும். 20 மீட்டர்தான், நம்ம டெவன், சென் கிளயர் அருவிங்க பக்கத்துல வெச்சா கொழந்தப் பிள்ள. ஆனா கறுப்புப் பாறையில அகண்டு விழுறப்ப சத்தம் நெஞ்சுக்குள்ள கேக்குது. குளிக்க விடமாட்டாங்க, அந்தத் தண்ணியில கைய வெச்சாலே வெறச்சுப் போகும். பேக்கர் யாருன்னு சின்னவ கேட்டா. 1840கள்ல நுவரெலியாவுக்கு வந்து குடியேறின வெள்ளக்காரன், நாய்ங்கள விட்டு மரை மான வெரட்டி கத்தியால குத்துறதுதான் அவனுக்கு வெளாட்டுன்னு சொன்னேன். "அப்ப ஏன் அவன் பேர வெச்சாங்க?" நான் ஷூ லேச கட்டத் தொடங்கிட்டேன்.

இனித்தான் விசயம். திரும்பி வந்து வேன் கதவத் தெறந்து, காலைல மிஞ்சின ரொட்டிய எடுத்தேன். கொம்பு வெச்ச ஒரு பெரிய மரை, நம்ம வீட்டு மாடு மாதிரி நேரா வந்து மூக்க நீட்டுது. சின்னவளுக்கு சந்தோசம் தாங்கல, பாதி ரொட்டி குடுத்தா. நான் என்ன செஞ்சேன்னு நினைக்கிற? தடுக்கல, வீடியோ எடுத்தேன். அடுத்த நிமிசம் அது என் கையிலருந்த பொலித்தீன் சொப்பிங் பையையே கவ்வி இழுக்குது. பையோட ஒரு காது என் கையில, மத்தது மரை வாயில. கத்திக் கத்தி இழுக்கிறேன், பை நீளுது, பிஞ்சு வந்தது ஒரு வெரல் அளவு துண்டு. மீதிய அது மென்னு முழுங்கிட்டு, சம்பல் ஒட்டின ஒதட்ட நக்கிக்கிட்டு அடுத்த வேனுக்குப் போயிருச்சு.

அங்க நின்ன ஒரு காவல்காரர் சத்தம்கூட போடல. "நாளைக்கும் வரும் சேர், பழகிருச்சு"ன்னார். அவர் நல்லா ஏசியிருந்தா எனக்கு சுகமா இருந்திருக்கும். நடபாதையில லேபல் வரைக்கும் உரிச்சு வாங்கினாங்க, நான் வேன் பக்கத்துல ஒரு முழுப் பையையே ஊட்டிட்டு வந்திருக்கேன்.

வீடியோவ க்ரூப்ல போட்டப்ப நம்ம கூட்டாளி சொட்ட விழுந்து விழுந்து சிரிச்சான், நானும் சிரிச்சேன். ராத்திரி மகள் வந்து "அது வெளிய வந்துருமாப்பா?"ன்னு கேட்டா. வந்துரும்னு சொன்னேன். மாட்டு வயித்துல பை சிக்கி என்ன ஆகும்னு மாடு வளத்த ஒங்க வீட்டுக்குத் தெரியாதா, பொய்தான் சொன்னேன். நாலு நாளா அதே கேள்வி, பல்லு வெளக்குறப்பகூட. வீடியோவ அழிச்சுட்டேன், சொட்ட ஏன்னு கேக்குறான், அவன்கிட்ட என்னத்த சொல்ல? ஒனக்குத்தான் எழுதணும்னு தோணுச்சு.

அடுத்த பெப்ரவரிக்கு லீவு போட்டு வா. மூட்டுக்கு பெல்ட் கொண்டு வா, அருவிப் படியில ஒன்னத் தூக்க என்னால ஏலாது.

ஒன்,
ரொட்டிக்காரன்