பயணச் சங்கத்தின் 2025ஆம் ஆண்டறிக்கை: நம்ம ஊரில் புறப்படும் ரயில்கள்

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், மார்த்தாண்டம், தக்கலை, கொட்டாரம் பக்கமிருந்தெல்லாம் வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், நான் அதற்குள் போகவில்லை. சந்தா பாக்கி உள்ளவர்கள் மட்டும் கூட்டம் முடிவதற்குள் அவரைப் பார்த்துவிடுங்கள்.

உள்ளூர்ப் பயணங்கள் வழக்கம்போல் நடந்தன. பிள்ளைகளைப் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போனோம். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் இருந்தாலும் அதைப் பராமரிப்பது கேரள அரசு என்பது பலருக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது. விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவில் 2024 டிசம்பரில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தையும் நடந்து பார்த்தாயிற்று.

பெரிய பயணம் நவம்பரில் அஸ்ஸாம், மேகாலயா. கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் போகிற விவேக் எக்ஸ்பிரஸ் 4,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது, நாட்டிலேயே நீண்ட தூரம் ஓடுகிற ரயில் அதுதான். நம் ஊரில் ஏறி, கேரளா முழுக்கப் போய், பாலக்காடு தாண்டித் திரும்பவும் தமிழ்நாட்டுக்குள் வந்து, சேலம், விஜயவாடா, விசாகப்பட்டினம் என்று வங்காளத்தைக் கடந்து குவாஹாட்டியில் இறங்கினோம். கேரளாவில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பும் அஸ்ஸாம் பையன்கள் எங்கள் பெட்டியில் நிறையப் பேர் இருந்தார்கள். எந்த ஸ்டேஷனில் சாப்பாடு வாங்கலாம், எங்கே வாங்கக்கூடாது என்று மலையாளத்தில் சொல்லித் தந்ததே அவர்கள்தான். நாங்கள் கொண்டுபோன மட்டிப்பழமும் முந்திரிக்கொத்தும் முதல் நாளே தீர்ந்துவிட்டன. சேர்ந்து சாப்பிட ஆள் இருந்ததால் அதில் யாருக்கும் வருத்தமில்லை.

காசிரங்காவில் ஒற்றைக்கொம்பன் காண்டாமிருகத்தைப் பார்த்தோம். பிரம்மபுத்திரா வெள்ளத்தால் மழைக்காலத்தில் அந்தப் பூங்காவை மூடிவிடுவார்கள், அதனால்தான் நவம்பர் என்று முடிவு செய்தோம். ஆனால் எல்லாரும் இன்னும் பேசிக்கொண்டிருப்பது மேகாலயாவின் வேர்ப்பாலங்களைப் பற்றித்தான். ஓடைக்கரையில் நிற்கிற ரப்பர் ஆல மரத்தின் விழுதுகளை, குடைந்த கமுகந்தடிக்குள் விட்டு மறுகரைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே மண்ணைப் பிடித்துத் தடித்து ஆள் நடக்கிற பதத்துக்கு வர ஒரு தலைமுறையே ஆகலாம், நட்டவர் நடக்காமலே போகலாம். குலசேகரம் பக்கத்து உறுப்பினர் ஒருவர், பால்வெட்டுத் தொழிலாளி, பாலத்தில் உட்கார்ந்து ஒரு விழுதை வெகுநேரம் தடவிப் பார்த்தார். ‘இது நம்ம ரப்பர் இல்லை, இலையும் பட்டையும் வேறே’ என்றார். அவர் சொன்னது சரி, இது ஆல், அத்தி இனம். நோங்கிரியாட்டின் இரண்டடுக்குப் பாலத்துக்கு 3,000க்கும் மேல் படி இறங்க வேண்டும், இளையவர்கள் போனார்கள். முட்டுவலிக்காரர்கள் மாவ்லின்னாங் பக்கத்தில் ரிவாய் பாலத்தைப் பார்த்தார்கள், அது எளிது.

மேகாலயாவின் காசி (Khasi) பழங்குடி இனத்தார் வீட்டுக்குப் போனால் முதலில் வெற்றிலை பாக்குத்தான் தருகிறார்கள். அங்கே வீடு கடைக்குட்டி மகளுக்கு, வம்சம் அம்மா வழியில். மாமன் சொத்து மருமகனுக்குப் போகிற மருமக்கள் வழி இருந்த நாஞ்சில் நாட்டிலிருந்து போன நம் பாட்டிமார் அதைப் பற்றி அந்த வீட்டம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், வண்டி டிரைவர் மொழிபெயர்த்தே களைத்துப்போனார். ஒரு குறையும் சொல்ல வேண்டும்: குவாஹாட்டியில் முன்பணம் வாங்கிய ஏஜெண்ட், பேசிய வண்டியை விடச் சின்ன வண்டி அனுப்பிவிட்டார். இனி வண்டி நம்பர் கைக்கு வராமல் பணம் அனுப்பப்போவதில்லை என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

அப்புறம் அடுத்த ஆண்டு. டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர், காசி, அமிர்தசரஸ், காஷ்மீர் எல்லாவற்றையும் பத்தே நாளில் பார்த்துவிடலாம் என்று பலர் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். நான் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். அப்படிப் போனால் பாதிநாள் வண்டியிலும் மீதிநாள் பெட்டி கட்டுவதிலும் போய்விடும், தாஜ்மகால் வாசலில் வெள்ளிக்கிழமை போய் நின்றால் அதுவும் பூட்டியிருக்கும். நாம் நாட்டின் கடைசி முனையில் இருக்கிறோம் என்று குறைப்படுகிறோமே, அந்த முனையிலிருந்துதான் விவேக்கும், காஷ்மீர் வாசலான கட்ரா வரை போகிற ஹிம்சாகரும், 2023 டிசம்பரில் வந்த காசித் தமிழ்ச் சங்கமம் ரயிலும் புறப்படுகின்றன. ஆண்டுக்கு ஒரு திசை, ஒரு ரயில், இறங்கிய இடத்தில் நிதானமாக நாலு நாள். இதுதான் என் யோசனை.

அடுத்தது காசி. பாரதியார் வாலிபத்தில் இருந்த ஊர், கேதார் படித்துறைப் பக்கம் குமரகுருபரர் நிறுவிய மடம் இருக்கிறது, அனுமான் படித்துறைச் சந்துகளில் இன்றும் தமிழ் கேட்கும். டிசம்பர், ஜனவரியில் மூடுபனியால் வடக்கே ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும், ஆகவே பிப்ரவரி கடைசியில் போகலாம். ராஜஸ்தானும் அமிர்தசரஸும் அதற்கடுத்த குளிர்காலத்துக்கு.

முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, மூத்தோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சிலேயே போய்விட்டது. காசித் தீர்மானத்துக்குப் பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன். வர விரும்புகிறவர்கள் ஆதாரில் உள்ளபடி பெயர், வயது, கீழ் பெர்த் வேண்டுமா என்பதை எழுதி இன்றே என்னிடம் தந்துவிடுங்கள்.

செயலாளர்