நீர்யானைக்குத் தும்பிக்கை இல்லை

திருச்சி,
பிப்ரவரி 2

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் உன் அம்மாவிடமும் குழந்தைகளிடமும் சுற்றிவிட்டு என் கைக்கு வரும்போது, சாப்பிட்டாயா, அங்கே குளிர் எப்படி என்று கேட்பதற்குள் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது. நான் சொல்ல வேண்டியது அதற்குள் அடங்காது.

அக்டோபரில் ஆதிராவை டப்ளின் விலங்குக் காட்சிசாலைக்கு அழைத்துப் போய் ஒரு படம் அனுப்பியிருந்தாய். தண்ணீருக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிய நீர்யானை. கீழே ஒரே வரி: "அப்பா, சின்னத் தும்பிக்கைகூட இல்லை." உன் அம்மாவுக்கு அது விளங்கவில்லை. எனக்குப் பார்த்தவுடன் விளங்கிவிட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, கயலம்மா. இத்தனை வருடம் கழித்தும் அதை நீ மறக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டே கிடந்தேன்.

1996. உனக்கு ஏழு வயது. தாம்பரத்தில் உன் சித்தி கல்யாணம் முடிந்து ஊர் திரும்புகிறோம். முதலாளியின் அம்பாசிடரைக் கெஞ்சிக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். போகும் வழியில் வண்டலூர் உயிரியல் பூங்காவில் இறங்கி மிருகங்கள் எல்லாம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உன்னிடம் மூன்று நாளாகச் சொல்லி வைத்திருந்தேன். வாசலில் போய் நின்றால் கதவு பூட்டிக் கிடக்கிறது. செவ்வாய்க்கிழமை விடுமுறை. வாரந்தோறும் அந்த வழியாக வண்டி ஓட்டியவன் நான். கல்யாண அலைச்சலில் கிழமையே நினைவில் இல்லை. நீ கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி, "நீர்யானைக்குத் தும்பிக்கை இருக்குமா அப்பா?" என்று கேட்டாய். பெயரிலேயே யானை இருக்கிறதே என்று, "சின்னத் தும்பிக்கை இருக்கும்" என்றேன். "நீ பார்த்திருக்கிறாயா?" என்றாய். "பார்த்திருக்கிறேன்" என்றேன்.

நான் பார்த்ததே இல்லை, அம்மா. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எம்.ஜி.ஆர். அந்தப் பூங்காவைத் திறந்துவைத்தது 1985 ஜூலை 24. நான் வாடகைக் காருக்கு ஸ்டியரிங் பிடித்ததும் அதே வருடம்தான். திருச்சியிலிருந்து மெட்ராஸுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள், குழந்தைகள் இருந்தால், வண்டலூரில் நிறுத்தச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். எத்தனை குடும்பங்களை அந்த வாசலில் இறக்கிவிட்டிருப்பேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. அவர்கள் உள்ளே போவார்கள், நான் வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு முன் சீட்டில் சாய்ந்துகொள்வேன். அவர்கள் எப்போது திரும்பி வருவார்கள் என்று சொல்ல முடியாது. வந்து நிற்கும்போது டிரைவர் வண்டியில் இல்லையென்றால் பேச்சு முதலாளி வரைக்கும் போகும். திரும்பும் வழியில் பின் சீட்டில் குழந்தைகள் பேசிக்கொள்வதைக் கேட்டே பாதிப் பூங்கா எனக்கு மனப்பாடம். புலி எங்கே படுத்திருந்தது, முதலை அசைந்ததா, எந்தக் குரங்கு குட்டி போட்டிருக்கிறது, எல்லாம் தெரியும். தும்பிக்கையைப் பற்றி மட்டும் எந்தக் குழந்தையும் சொல்லவில்லை.

உன் படத்தைப் பார்த்த மறுநாளே உன் தம்பியிடம் சொன்னேன், ஒரு சனி ஞாயிறு என்னை வண்டலூருக்கு அழைத்துப் போ என்று. பொங்கலை ஒட்டிப் போகலாம் என்றான், நான் மறுத்துவிட்டேன். காணும் பொங்கல் அன்று அங்கே திரளும் கூட்டத்தை நான் வெளியே நின்று பார்த்திருக்கிறேன். அதனால் போன வாரம் கிளம்பினோம்.

விடியற்காலை நாலு மணிக்குப் புறப்பட்டோம். உன் தம்பி ஓட்டினான், நான் பக்கத்தில். பின்னால் உன் அம்மா, மருமகள், இனியன், யாழினி. எனக்குக் காலை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. பிரேக் மிதிக்க வேண்டிய இடம் வரும்போதெல்லாம் வலது கால் தானாக அழுந்தியது. சமயபுரம் தாண்டும்போது பழைய பழக்கத்தில் கோபுரம் இருக்கும் பக்கம் பார்த்துக் கும்பிட்டேன். நீ போன சாலை வேறு, இப்போது இருப்பது வேறு. அப்போது இரண்டு வழிச் சாலை. எதிரே வரும் லாரியின் விளக்கு கண்ணில் அடிக்க, பெரம்பலூர் போய்ச் சேர்வதற்குள் தோள் கனத்துவிடும். இப்போது நான்கு வழி. சுங்கச்சாவடியில்கூடக் கண்ணாடியை இறக்க வேண்டியதில்லை. உளுந்தூர்பேட்டை வந்தபோதுதான் கிழக்கு வெளுத்தது. விக்கிரவாண்டி தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, உன் அம்மா வாழை இலையில் கட்டிவந்த மிளகாய்ப்பொடி இட்லியைச் சாப்பிட்டோம். யாழினி தூக்கக் கலக்கத்திலேயே மூன்று இட்லி சாப்பிட்டாள்.

மதுராந்தகம் ஏரி நிறைந்து கிடந்தது. ஏரி காத்த ராமர் கதையைக் குழந்தைகளுக்குச் சொன்னேன். கரை உடையப் போகிற மழை இரவில், வில்லோடு இரண்டு பேர் கரை மேல் காவல் நின்றதை வெள்ளைக்காரக் கலெக்டர் பார்த்தார் என்கிற கதை, உனக்கும் அதே இடத்தில் சொன்னதுதான். பாலாற்றில் வழக்கம்போல் மணல்தான் அதிகம். செங்கல்பட்டு, சிங்கப்பெருமாள் கோயில், கூடுவாஞ்சேரி தாண்டியதும் கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து நிலையம் எழும்பி நிற்கிறது. அந்த இடமே எனக்கு அடையாளம் தெரியவில்லை. நான் வண்டி நிறுத்திய மரமும் இல்லை. 2016 டிசம்பரில் வர்தா புயல் பூங்காவுக்குள் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. என் மரமும் அப்போதே போயிருக்கலாம்.

டிக்கெட் வாங்கி உள்ளே நுழையும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. யாராவது கூப்பிட்டு, வண்டியை எடுங்கள் என்று சொல்லிவிடுவார்களோ என்பது போல. பிளாஸ்டிக் எதுவும் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று பையைச் சோதிக்கிறார்கள். நல்ல காரியம். 602 ஹெக்டேர் இடம். நம் கணக்கில் ஏறக்குறைய 1,490 ஏக்கர். உன் அம்மா முழங்காலுக்கு அது தாங்காது என்று அவளும் மருமகளும் யாழினியும் பேட்டரி வண்டியில் ஏறிக்கொண்டார்கள். நானும் உன் தம்பியும் இனியனும் நடந்தோம்.

கம்பிக் கூண்டுகளை எதிர்பார்த்துப் போனேன். பெரிய விலங்குகள் இருக்கும் பல இடங்களில் கூண்டே இல்லை. நடுவில் ஒரு அகழி, அந்தப் பக்கம் மண்ணும் புதரும் மரமும். தள்ளி நின்று பார்த்தால் பள்ளம் இருப்பது கண்ணில் படாது. புலி நம்மோடு ஒரே தரையில் நடப்பது போல இருக்கிறது. என் அப்பா சிறுவயதில் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் பார்த்த உயிர் காலேஜ் இப்படி இல்லை. குறுகலான கூண்டுக்குள் சிங்கம் எட்டு வைத்து எட்டு வைத்துத் திரும்பிக்கொண்டே இருக்கும் என்று அவர் சொல்வார். மியூசியத்துக்குச் செத்த காலேஜ், மிருகங்கள் இருந்த இடத்துக்கு உயிர் காலேஜ், மெட்ராஸ்காரர்கள் வைத்த பெயர்கள். மிருகங்களும் முதலில், 1855-ல், எழும்பூர் மியூசியத்தில்தான் இருந்தன. எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர் தொடங்கிவைத்தது. அங்கிருந்து சென்ட்ரல் பக்கம், பிறகு இந்தக் காட்டுக்கு.

காட்டுமாடு முன்னால் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். பச்சைமலைப் பக்கம் சவாரி போகும்போது இருட்டில் இரண்டு கண் மட்டும் மின்னிப் பார்த்திருக்கிறேன், பகலில் முழு உடம்பையும் பார்த்தது இதுதான் முதல் முறை. முதுகு எண்ணெய் தடவியது போல் கறுப்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை மாட்டியது போல ஒரே அளவாக நாலு கால்கள். சிங்கவால் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் இல்லையாம், இனியன் பலகையைப் படித்துச் சொன்னான். அங்கே ஒருவர் பழத்தோலை வீசி அதைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மனது பொறுக்கவில்லை, வேண்டாம் தம்பி என்று சொன்னேன். நல்லவேளை, கேட்டுக்கொண்டார்.

இனி நீர்யானை. நாங்கள் போனபோது தண்ணீர்த் தொட்டியில் ஒன்றுமே தெரியவில்லை. பாசி படிந்த தண்ணீர், ஓரத்தில் தின்று மீந்த புல். தூங்குகிறது போலிருக்கிறது தாத்தா என்று இனியன் கையை இழுத்தான். நான் நகரவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். முதலில் இரண்டு மூக்குத் துளைகள் மட்டும் மேலே வந்தன. மூடியிருந்த துளைகள் திறந்து, புஸ்ஸென்று காற்றும் தண்ணீருமாகப் பீச்சியது. பிறகு கண்கள், பிறகு சின்னக் காதுகள். வெளியே வந்ததும் அந்தக் காதுகளைப் படபடவென்று சுழற்றித் தண்ணீரை உதறியது. அவ்வளவு பெரிய உடம்புக்கு அவ்வளவு சின்னக் காது. கண்ணைச் சுற்றியும் காதுக்குப் பின்னாலும் தோல் வெளிறிய ரோஜா நிறம். அது கரைப் பக்கம் வந்து வாயைத் திறந்தது, அம்மா. அம்பாசிடரின் பானட்டைத் தூக்கி நிறுத்தினால் எப்படி, அப்படித் திறந்தது. கீழ்த்தாடையில் மஞ்சளேறிய இரண்டு கொம்புப் பற்கள். பார்த்துவிட்டேன், கயலம்மா. தும்பிக்கை இல்லை. மேலுதட்டில் ஒட்டிவைத்தது போல் முரட்டு மயிர் பத்து இருக்கிறது, அவ்வளவுதான். யானைக்கு அது சொந்தமே இல்லையாம், திமிங்கிலத்துக்குத்தான் நெருங்கிய சொந்தம் என்று இனியன் சொன்னான்.

என் கண் கலங்கியதைப் பார்த்து உன் தம்பி பதறிவிட்டான். விஷயத்தைச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் என் தோளில் கை வைத்துக்கொண்டான்.

அங்கே கூட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம் செவ்வாய்க்கிழமை ஏன் மூடுகிறார்கள் என்று கேட்டேன். வாரம் முழுக்க இத்தனை பேர் சத்தம் போடுகிறார்கள், அதுகளுக்கும் ஒருநாள் நிம்மதி வேண்டாமா ஐயா என்றார். அந்தக் கிழமையின் மேல் எனக்கிருந்த கோபம் அதோடு தணிந்தது.

மாலை வெளியே வந்தபோது, ஒரு வாடகை வண்டியில் இளம் டிரைவர் ஒருவர் சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தார். இரண்டு டீ வாங்கிக்கொண்டு போய் ஒன்றை அவரிடம் கொடுத்தேன். உள்ளே போய்ப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "இல்லை ஐயா, அவர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்துவிடுவார்கள்" என்றார். நான் காட்டுமாட்டைப் பற்றியும் நீர்யானை வாய் திறந்ததைப் பற்றியும் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது உள்ளிருந்து சிங்கம் ஒன்று கர்ஜித்தது. 2021-ல் கொரோனா வந்து இங்கே நீலா என்கிற பெண்சிங்கம் இறந்துபோனதைச் செய்தித்தாளில் படித்தபோதுகூட இந்தச் சத்தம்தான் என் காதில் கேட்டது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, கடைசியில் இருமல் போலச் சின்னச் சின்னதாகத் தேய்ந்து முடியும். எத்தனையோ சாயங்காலங்கள் நான் இதே வாசலில் நின்று கேட்டது. இருவரும் அது அடங்கும் வரை பேசவில்லை.

இரவு சித்தி வீட்டில் தங்கிவிட்டு, ஞாயிறு காலை வேடந்தாங்கலில் ஒரு மணி நேரம் பறவைகள் பார்த்துவிட்டு மூன்று மணிக்குள் வீடு வந்து சேர்ந்தோம்.

ஏப்ரலில் வருவதாகச் சொல்லியிருக்கிறாய். வெயில் ஏறினால் எல்லாம் நிழலுக்குப் போய்விடும், அதனால் ஒன்பது மணிக்குக் கதவு திறக்கும்போது நாம் அங்கே நிற்க வேண்டும். நேராக நீர்யானையிடம் போய்விடலாம், வழி எனக்குத் தெரியும். ஆதிராவுக்கு ஒரு தொப்பி எடுத்து வை. டிக்கெட் போடும்போது கிழமையையும் பார்த்துக்கொள்.

உன் அன்பு அப்பா