தொட்டி வாங்கும் முன்

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ மதுரையில் தனியாக இயற்கை மருத்துவ கிளினிக் போடப்போகிறாய் என்று சித்தி சொல்லித்தான் தெரிந்தது. சந்தோஷம். போன் போட்டால் "அப்புறம் பேசுறேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். நீர்ச்சிகிச்சைப் பிரிவில் தொட்டி கழுவியவன் சொல்வதை டாக்டரம்மா கொஞ்சம் கேட்டுக்கொள்ளலாம், தப்பில்லை.

இடுப்புக் குளியல் தொட்டியை ஃபைபரில் வாங்கு. தகரம் மலிவுதான், ஆனால் மடிப்பில் துருவேறி நோயாளியின் தொடையைக் கிழிக்கும். முதுகுச் சாய்மானம் இருக்கிறதா என்று பார். ஆள் உட்கார்ந்த பிறகு தண்ணீர் தொப்புள் மட்டத்துக்கு வரவேண்டும். பருத்தவருக்கும் ஒல்லியானவருக்கும் ஒரே அளவாக ஊற்றிவைத்தால் ஒருவருக்கு வழியும், இன்னொருவருக்கு அடிவயிறு நனையாது. கால் இரண்டும் வெளியே, காய்ந்த பலகைமேல் இருக்கட்டும். தொட்டிக்கு அடியில் ஒரு செங்கல் உயரத்துக்கு மேடை கட்டு. தண்ணீர் தானாக வடியாவிட்டால் சொம்பால் மொண்டு ஊற்ற வேண்டிவரும். அப்புறம் வேலையாள் ஒருவர் இறங்கிய தண்ணீரிலேயே அடுத்தவரை உட்காரவைப்பான். சித்திரை வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடும், அதில் குளிர்ந்த இடுப்புக் குளியல் நடக்காது. ஐஸ் கலந்து 18 டிகிரிக்குக் கொண்டுவா. 10 முதல் 15 நிமிடம் போதும். சொரசொரப்பான ஈரத்துணியால் வயிற்றை வலமிருந்து இடமாகத் தேய்க்கச் சொல். எழுந்ததும் உடம்பு சூடேறும்வரை நடக்கவிடு, ஃபேனுக்கு அடியில் உட்காரவிடாதே. குளிர்க்காய்ச்சல், மாதவிலக்கு, இருதயக் கோளாறு என்றால் தொட்டிப் பக்கமே வேண்டாம்.

வயிற்றில் போடும் மண்பட்டிக்கு, உரம் போடாத நிலத்து மண்ணைத் தேடு. மூன்று நாலு அடி தோண்டி, அதற்குக் கீழே இருப்பதை எடுத்து, வெயிலில் காயவைத்துச் சலித்துக்கொள். முந்தின ராத்திரியே ஊறப்போட வேண்டும். சப்பாத்தி மாவை விடத் தளர்வாக, இட்லி மாவை விடக் கெட்டியாக இருந்தால் சரி. தண்ணீர் கூடினால் விலாவில் வழிந்து ஆளுக்கு நடுக்கம் எடுக்கும். குறைந்தால் வெடித்துவிடும், குளிர்ச்சி இறங்காது. வயிற்றுக்கு 10 அங்குல நீளம், 6 அங்குல அகலம், ஓர் அங்குலக் கனம். வெறும் வயிற்றில் அரைமணி நேரம் போதும். ஒருவருக்குப் போட்டதை அடுத்தவருக்குப் போடாதே.

வெந்நீர்ப் பாதக் குளியலில்தான் ஆபத்து. 40 டிகிரிக்கு மேல் போகும்போது தெர்மாமீட்டர் இல்லாமல் செய்யாதே; கைவிட்டுப் பார்க்கிற வேலையாளுக்கு உள்ளங்கை காய்த்துப்போயிருக்கும். சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று 10 கிராம் மோனோபிலமென்ட் இழையால் முதலில் தொட்டுப் பார். உணர்வு இல்லையென்றால் வெந்நீரே கூடாது. கால் வெந்தது அவருக்குத் தெரியாது, சாயங்காலம் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரியும். உன் பெரியப்பா கால் விஷயம் உனக்குத் தெரியும், அதை நான் எழுத வேண்டாம்.

சர்க்கரை என்றதும் சொல்லிவிடுகிறேன். பக்கத்துவீட்டுச் சாந்தி அவள் போனில் எதையோ காட்டவந்தாள். கண்ணாடி கையில் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். உன் குரல் மட்டும் கேட்டது. போகட்டும்.

கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை போடுகிறவரை ஜூஸ் உபவாசத்தில் வைத்தால், சாப்பாடு இருக்கிறதோ இல்லையோ மாத்திரை கணையத்தை விரட்டிக்கொண்டேயிருக்கும். சர்க்கரை 70-க்குக் கீழே போகும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். அதை "நச்சு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி" என்று சொல்லிப் படுக்கவைக்கிறவர்கள் நம் துறையிலேயே இருக்கிறார்கள். முதலில் விரலைக் குத்திப் பார். நினைவு இருந்தால் 15 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதே, 108-ஐக் கூப்பிடு.

அதற்காக மாத்திரையைத் தூக்கிப்போடு என்று சொல்வதும் சரியாகாது. டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால் ரத்தத்தில் கீட்டோன் ஏறி, வாந்தி, வேகமூச்சு என்று ஓரிரண்டு நாளில் உயிருக்கே வந்துவிடும். ரத்த அழுத்தத்துக்குப் போடும் அட்டெனலாலைத் திடீரென்று விட்டால் நெஞ்சுவலி வரலாம். குறைப்பது வேறு, நிறுத்துவது வேறு. குறைக்க வேண்டுமென்றால் தினசரி அளவைக் குறித்து, மாத்திரை எழுதியவருக்கு நாலு வரி எழுதிக் கேட்டுச் செய். இதில் உனக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

எம்.பி.பி.எஸ். கிடைக்காததால் இதில் சேர்ந்தாள் என்று சொந்தக்காரர்கள் பேசியபோது நான் வாய் திறக்கவில்லை. நாலரை வருஷப் படிப்பு, ஒரு வருஷப் பயிற்சி, முதல் வருஷமே உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல். எங்கள் காலத்து வைத்தியர்கள் பலர் ஜெர்மன் இயற்கை வைத்தியர் லூயி கூனே சொன்னதைக் கேள்வியறிவில் செய்தவர்கள். நீ பிரேதம் அறுத்துப் படித்தவள். அந்தப் படிப்பை மறந்து பேசலாமா? மண்பட்டியையும் இடுப்புக் குளியலையும் அவ்வளவு நம்பிய காந்தியே, 1924 ஜனவரியில் குடல்வால் சீழ்பிடித்தபோது புனே சாசூன் மருத்துவமனையில் கத்திக்கு உடம்பைக் கொடுத்தார். 1946-ல் புனே பக்கத்து உருளி காஞ்சனில் இயற்கை மருத்துவ ஆசிரமம் தொடங்கியவரும் அவர்தான்.

சமையற்கட்டையும் கவனி. சுரைக்காய்ச் சாறு எடுக்கும் முன் ஒவ்வொரு காயிலும் ஒரு துண்டு நறுக்கி நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல். கசந்தால் கொட்டிவிடு, தேனோ எலுமிச்சையோ சேர்த்தால் கசப்பு மறையும், குக்கர்பிட்டாசின் என்ற அந்த நச்சு போகாது. ரத்த வாந்தி வரை கொண்டுபோய்விடும். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் எப்படி என்று காட்டும் கிரியாட்டினின் பார்க்காமல் யாருக்கும் தினமும் எழுதாதே.

நோயாளிக் குறிப்பேட்டில் மாத்திரைக்கென்று ஒரு பத்தி போடு. பெயர், மில்லிகிராம், எந்த வேளை, யார் எழுதியது. திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று நினைக்காதே. தெர்மாமீட்டர் இரண்டும் சல்லடை ஒன்றும் பார்சலில் போட்டிருக்கிறேன். திறப்பு விழாத் தேதியைச் சொன்னால் டிக்கெட் எடுக்கலாம் என்கிறாள் அம்மா.

சாந்தியின் மாமனார் திங்கட்கிழமையிலிருந்து சர்க்கரை மாத்திரை போடுவதில்லையாம். அவருக்கு நீயே போன் பண்ணிப் போடச் சொல். நான் சொல்லிப் பார்த்தேன், "உங்க பொண்ணே சொல்லுதே" என்கிறார்.

அன்புடன்,
அப்பா